சண்முகையா பத்தரின் கை

சண்முகையா பத்தருக்கு அன்றைக்குப் பதினாறாம் நாள். சங்கரன்கோவிலில் தேரடிக்குப் பின்னால் போகிற சந்தில் பந்தல் போட்டு, விடிந்ததிலிருந்து ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். எண்பத்தாறு வருஷம் வாழ்ந்த மனிதர். மகன், மகள், பேத்தி, கொள்ளுப்பேரன் வரைக்கும் கண்ட மனிதர். அவருக்குக் கூட்டம் வராமல் வேறு யாருக்கு வரும்? சிவகிரி பஸ்ஸிலும் ராயகிரி பஸ்ஸிலும் வந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் சொந்தமே கிடையாது. அவர் கையால் செய்த தாலியைக் கழுத்தில் போட்டிருக்கிறவர்கள், அவ்வளவுதான் உறவு.

அந்தப் பெண்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே காரியத்தைச் செய்தார்கள். படத்துக்கு முன்னால் நின்று, தாலியை வெளியே எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அழுதார்கள். பத்தரின் மகள் இசக்கியம்மாள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கியபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போகவில்லை. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றுகிற இடத்தில் தாலி அறுத்தவளுக்கு என்ன வேலை? வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கம், கால் தானாக நின்றுவிடும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பத்தர் அப்படியொன்றும் பெரிய நகை வேலைக்காரர் இல்லை. அட்டிகை, ஒட்டியாணம் எல்லாம் அவரைவிட நறுவிசாகச் செய்கிறவர்கள் அதே தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் பேர் வாங்கியது தாலியில் மட்டும்தான். கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவார்கள். பத்தர் வெள்ளனவே குளித்து முழுகி, குமுட்டி அடுப்பையும் ஊதுகுழலையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போவார். நிறைகுடம் வைத்து விளக்கேற்றி, அவர்கள் கொடுக்கிற துண்டுப் பொன்னை எல்லோர் கண்முன்னாலும் உருக்குவார். சண்முகையா பத்தர் உருக்கின பொன் லேசில் கழுத்தை விட்டு இறங்காது என்று ஒரு பேச்சு. அவர் தாலி செய்து கொடுத்த எந்தப் பெண்ணும் சின்ன வயசில் அறுத்ததில்லையாம்.

சுத்தப் பொய். அறுத்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஒருத்தர் அறுபது வருஷம் தாலி செய்தால் அதற்குள் எமன் சும்மா இருப்பானா? ஆனால் அப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் ஊர் காரணத்தைத் தோண்டி எடுத்துவிடும். அவள் ஜாதகத்தில் தோஷம், அவள் காலடி சரியில்லை, அவள் விளக்கு வைத்த பிறகு தலை சீவினாள். குற்றம் அந்தப் பெண்ணின் தலையில் விடிந்துவிடும். பத்தர் கைக்கு ஒரு குறையும் வராது.

இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்றால், அவர் குடும்பத்திலிருந்துதான். கைராசி வேலையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்பது அந்தப் பக்கத்து நினைப்பு. வீடு நிறைந்தவன் கைதான் இன்னொரு வீட்டை நிறைக்கும். பத்தர் வீடு நிறைந்த வீடு. தன் கல்யாணத் தாலியைத் தானே செய்து கட்டினவர். பெண்டாட்டி பேச்சியம்மாளை ஒருநாள் முகம் சுளித்துப் பேசினதில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்திருக்காமல் அவர் சோற்றில் கை வைத்ததில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, விரலைப் பிடித்துக்கொண்டு இரண்டு என்று தன் பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளை பார்க்காமல் கூட்டிக்கொண்டு போவார். காது குத்தும்போது பிள்ளை அழுவதற்கு முன்னால் அவர் கண் கலங்கிவிடும். பெற்றவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் பத்தரைத் தேற்ற வேண்டும். அப்படிப்பட்ட மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது?

இசக்கி அவருக்குத் தலைப்பிள்ளை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், அவளுடைய பதினேழாவது வயசில், பனவடலிசத்திரத்தில் தச்சு வேலை பார்த்த நல்லகண்ணுவுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் வேறு பத்தரிடம் போவார்களா? நீங்களே உருக்கிக் கொடுத்துவிடுங்கள் என்று பொன்னைக் கொண்டுவந்து நீட்டினார்கள். கடுகளவு பொன்னுக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். இசக்கிதான் பக்கத்தில் உட்கார்ந்து கங்கு அள்ளிப் போட்டாள். கடைசி நாள் அரம் போட்டு ராவும்போது மூக்கை உறிஞ்சினார். அழுதீகளாப்பா என்று கேட்டதற்குப் புகை என்றார். இது ரெண்டு பேருக்கும் தெரிந்த சங்கதி. மூன்றாவது ஆளாக அவருடைய தம்பி செல்லச்சாமி அந்த வழியாக ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஐம்பத்துமூன்றில் நல்லகண்ணுவுக்கு விஷக் காய்ச்சல். ஒன்பது நாள் கிடந்தான், போய்விட்டான். இசக்கிக்குப் பத்தொன்பது வயசு, கையில் எட்டு மாசப் பெண் குழந்தை.

மற்ற பெண்கள் அறுத்தபோது ஊர் ஜாதகத்தைச் சொல்லி மூடி வைத்தது. இதை மூட முடியவில்லை. பத்தர் தானே பெற்ற மகள், அவரே உருக்கின பொன், முழுசாக ரெண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. தை மாசத்துக்குப் பொன்னுருக்கச் சொல்லியிருந்த ரெண்டு வீட்டார், வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அப்போது சாப்பாட்டுக்கு ஏழு பேர். இசக்கியும் குழந்தையும் வந்தால் ஒன்பது.

நல்லகண்ணுவின் பத்தாம் நாள், பனவடலிசத்திரத்து வீட்டு முற்றத்தில் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் மனசில் இருந்ததைக் கேட்டே விட்டார். என்ன பத்தரே, உம்ம கைத் தாலிக்கே இந்தக் கதியா என்று. பத்தர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அது நான் செஞ்சது இல்ல அண்ணாச்சி. எந்தம்பி செல்லச்சாமி செஞ்சது. உங்க கை வேண்டாம், சித்தப்பா கையாலதான் வேணும்னு அவ ஒத்தக்கால்ல நின்னா. செல்லப்பிள்ளையாச்சேன்னு விட்டுட்டேன்.”

செல்லச்சாமி அதற்கு முந்தின வருஷமே கொழும்புக்குப் போய்விட்டான். கடுதாசி கிடையாது, தகவல் கிடையாது, அப்புறம் திரும்பி வரவும் இல்லை. அவனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்க முடியாது.

சுவருக்கு இந்தப் பக்கம் அரங்குவீட்டுக்குள் மூலையில் இசக்கி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறார் என்று முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்த பிறகு, அப்பா உள்ளே வருவார், வந்து ஏதாவது சொல்வார் என்று இருந்தாள். வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினார். ரெண்டு வாய் பால் குடி தாயி என்று டம்ளரை நீட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

விலகிப் போன ரெண்டு வீட்டாரும் அந்த மாசமே திரும்பி வந்தார்கள். பத்தர் கை பழையபடி ராசியான கை ஆயிற்று. இசக்கிக்கு ஒரு பேர் கிடைத்தது: அப்பன் கையை வேண்டாம் என்று சொன்னவள். கொழுப்பெடுத்துக் கெட்டவள் என்றும் வைத்துக்கொள்ளலாம். சொன்ன பேச்சு கேட்காத பெண்பிள்ளைகளை, நீயும் பத்தர் மகள் மாதிரி வந்து மூலையில் உட்காரப் போறே பாரு என்று வைவார்கள். அவள் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தாலும் வைவார்கள். ஊர் வாய்க்கு என்ன, வைதால் காசா பணமா?

ஊர் போகட்டும். இசக்கி எதிர்பார்த்தது அப்பாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை. தாயி, நீ அப்படிச் சொல்லவில்லை, செய்தது நான்தான் என்று. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அடுக்களையில் வைத்து, அவள் காதில் மட்டும் சொன்னால்கூடப் போதும், மிச்சத்தை அவள் தாங்கிக்கொள்வாள். அதைத் தவிர எல்லாம் கொடுத்தார் அந்த மனிதர். வீட்டில் காற்று வருகிற அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். மகன் சுப்பிரமணியன் கல்யாணம் ஆகி, தங்கத்தாய் மருமகளாக வந்த அன்றைக்கே, இந்த வீட்டில் என் மகள் மனசு நோக ஒரு சொல் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளுக்குப் பிடிக்கும் என்று ராஜபாளையம் போனால் மாம்பழத்தோடு வருவார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார், வாய் லேசாகத் திறக்கும், இன்றைக்குச் சொல்லப் போகிறார் என்று இவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மோர் ஊத்து என்பார்.

எழுபத்தொன்றில் இசக்கியின் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். சிவகிரி மாப்பிள்ளை. அவர்கள் தாத்தா கையால்தான் பொன்னுருக்க வேண்டும் என்று ஆசையாக வந்து கேட்டார்கள். கண் தெரியவில்லை, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று பத்தர் கையை விரித்துவிட்டார். கண் தெரியாதவர் அடுத்த வாரமே ராயகிரியில் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பொன்னுருக்கிவிட்டு வந்தார்.

அன்றைக்குத்தான் இசக்கிக்கு விளங்கியது. அப்பா பிழைப்புக்காகப் பொய் சொன்னார் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தாள். அது மட்டும் இல்லை. தன் கைதான் நல்லகண்ணுவைக் கொன்றது என்று அவர் நம்புகிறார். நம்பிக்கொண்டே, அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அடுத்தவர் பொன்னில் வைக்கிறார். பேத்தி என்றதும் கை பின்வாங்கிவிட்டது. இது பாவமா, கையாலாகாத்தனமா? அவளுக்குப் பிடிபடவில்லை. கிணற்றுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அவருக்காக எவ்வளவு அழுதாள், தனக்காக எவ்வளவு அழுதாள் என்று அவளுக்கே தெரியாது.

எழுபத்தாறில் பேச்சியம்மாள் போனாள். பூவும் பொட்டுமாக, அவர் செய்து கட்டின தாலியோடு போனாள். பத்தர் கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றது ஊர்.

எண்பத்தொன்றில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வேலை எல்லாம் சுப்பிரமணியன்தான். ஆனால் சுப்பிரமணியன் கையை நம்பி யார் வருவார்கள்? அதனால் ஒரு புது வழக்கம் உண்டாயிற்று. பொன்னை வெற்றிலையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவருவார்கள். கட்டிலில் கிடக்கிற பத்தர் உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைப்பார்கள். அவர் மூடித் திறந்து கொடுத்தால், அவரே உருக்கின மாதிரி. அப்புறம் சுப்பிரமணியன் எடுத்துக்கொண்டு போய் வேலையைப் பார்ப்பான். அவனுக்கு நாலும் பெண். மூத்த ரெண்டும் கல்யாண வயசில் நிற்கின்றன. படுக்கையில் கிடந்த கை மூன்று வருஷம் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

அந்தக் கைக்குச் சோறு போட்டது இசக்கி. மலம் எடுத்தாள், உடம்பு துடைத்தாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள். கடைசி ஒரு மாசம் பேச்சு குழறிவிட்டது. அவர் தண்ணீர் கேட்கிறாரா, யாரையாவது கூப்பிடுகிறாரா என்பது அவளுக்கு மட்டும்தான் புரியும். ஒருவேளை அந்த வார்த்தையைச் சொல்லியும் தனக்குத்தான் விளங்காமல் போய்விட்டதோ என்று அவள் காதை அவர் வாயோரம் கொண்டுபோய்ப் பார்த்த நாளும் உண்டு.

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ராயகிரியிலிருந்து சங்கரபாண்டியன் என்கிற சம்சாரியும் அவர் மனைவி அன்னக்கிளியும் வந்தார்கள். மகனுக்கு ஆவணியில் கல்யாணம். அன்னக்கிளி கழுத்தில் கிடப்பது பத்தர் செய்த தாலிதான். பெண் வேறு யாரும் இல்லை, அன்னக்கிளியின் அண்ணன் மகள், முறைப்பெண். கல்யாணச் சேலை எடுக்க அவளையும் கூட்டி வந்திருந்தார்கள். பத்தர் தாத்தாவைக் கும்பிட்டுக்கோ என்று முன்னால் நிறுத்தினார்கள். பதினேழு பதினெட்டு வயசு இருக்கும்.

சுப்பிரமணியன் வெற்றிலையில் பொன்னை வைத்துக்கொண்டு குனிந்தான். பத்தர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கையை இறுக்கி மூடிக்கொண்டார்.

“வேண்டாம்ல. இந்தக் கை வேண்டாம்.”

ஒரு மாசமாகக் குழறின வாய், அன்றைக்குத் தெளிவாக இருந்தது. வயசான மனிதர் ஏதோ சங்கடப்படுகிறார் என்று சங்கரபாண்டியன் சிரிக்கப் போனார். பத்தர் தலையைத் திருப்பி, கட்டில் காலடியில் நின்ற மகளைப் பார்த்தார்.

“இசக்கி தாலிய நாந்தான் செஞ்சேன். தம்பி செய்யல. அவ வேண்டாம்னு சொல்லவே இல்ல. நான் பொய் சொன்னேன். எங்கைதான் அவள அறுத்துட்டு.”

தங்கத்தாய் அடுக்களையிலிருந்து கையில் காப்பித் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இசக்கி தாலி அறுத்தபோது சுப்பிரமணியனுக்குப் பதினொரு வயசு, அவனுக்கு எதுவும் தெரியாது. அவன் அக்காளைப் பார்த்தான். அன்னக்கிளியின் கை அவளை அறியாமல் கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்தது. கல்யாணப் பெண் முகம் வெளுத்துவிட்டது. சங்கரபாண்டியன் வெற்றிலையைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று யோசிக்கிற பார்வை.

இசக்கி ஒரு அடி முன்னால் வந்தாள். முப்பத்தொரு வருஷம். வந்துவிட்டது. காதில் மட்டும் சொன்னால் போதும் என்று கிடந்தாளே, நாலு பேர் முன்னால், சபையில் சொன்ன பொய்க்குச் சபையிலேயே பதில் சொல்லிவிட்டார். அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

ஆனால் அவள் கண் அன்னக்கிளி கையை விட்டு நகரவில்லை. இந்த ஒருத்தி இங்கிருந்து போய் ராயகிரியில் வாய் திறந்தால் போதும். எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் இப்படிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? புருஷன் வயலுக்குப் போய்த் திரும்பி வரும் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்கள். இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிற்கும். கதவுக்குப் பின்னால் சுப்பிரமணியன் மக்கள் நாலு பேரும் நிற்கிறார்கள். நாளையிலிருந்து இந்த வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்? இதை எல்லாம் அவள் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

“அப்பாவுக்கு ஒரு மாசமா நினைவு தப்பிட்டு,” என்றாள். “எது நடந்தது எது நடக்கலன்னு தெரியாமப் பேசுதாக. எனக்குத் தாலி செஞ்சது எங்க சித்தப்பாதான். நாந்தான் அப்பா கை வேண்டாம்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்தாள். மூடின விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கிடுக்கி பிடித்துப் பழகின கை, சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது விரலுக்குப் பிறகு தானாகத் தளர்ந்துவிட்டது. வெற்றிலையை வைத்து, தன் ரெண்டு கையாலும் அவர் கையை மூடி அழுத்தினாள். சங்கரபாண்டியன் நீளமாக மூச்சு விட்டார். பத்தர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் போனது. இசக்கி முந்தானையால் துடைத்தாள். அன்னக்கிளியும் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கஞ்சியை வாயில் விட்டால் இறங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் போய்விட்டார்.

நடுவில் மூன்று நாள் இருந்தது. நீங்க சொன்னது எனக்குக் கேட்டுட்டுப்பா, எனக்குப் போதும்ப்பா என்று அவர் காதில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆட்கள் வந்து வந்து போனார்கள். ஆட்கள் இல்லாத நேரமும் இருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்து வாயைத் திறப்பாள், வார்த்தை வராது. அப்பாவும் இத்தனை வருஷம் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வாள். பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். திங்கட்கிழமையோடு அதுவும் முடிந்தது.

பதினாறாம் நாள் பந்தி முடிந்து பெண்கள் பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். பேச்சு பத்தரைப் பற்றித்தான். அன்னக்கிளி எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாகப் பத்தர் கை பட்ட பொன் தங்களுடையதுதான் என்பதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நடந்தது அத்தனையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

“பத்தர் அண்ணாச்சி மனசு யாருக்கு வரும்? சாகப் போற நேரத்துலயும் மக மேல இருக்கிற பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடப் பாத்தாக. நாந்தான் செஞ்சேன்னு எப்படிச் சொன்னாக தெரியுமா, கேட்ட எனக்கே ஈரக்குலை நடுங்கிட்டு. நல்லவேளை, இசக்கி அக்கா உண்மையச் சொல்லிட்டா.”

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். சிலர் இன்னொரு தடவை தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இசக்கி அக்காவ இங்கன வரச் சொல்லுங்க என்றாள் அன்னக்கிளி. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவளை முன்னால் கூப்பிட்டார்கள். இசக்கி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

சிவகிரியிலிருந்து வந்த ஒரு வயசான அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வைவதற்காகக் கேட்கவில்லை, பாவம், ஆற்றாமையில் கேட்டாள்.

“இப்பேர்ப்பட்ட அப்பன் கைய எதுக்குட்டி வேண்டாம்ன?”

எல்லோரும் இசக்கி முகத்தைப் பார்த்தார்கள். அடுக்களை வாசலில் சுப்பிரமணியன் வந்து நின்றான். அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்ப எனக்குப் பதினேழு வயசும்மா,” என்றாள் இசக்கி. “புத்தி பத்தல.”